மறைத்தலும் மெய்காண்டலும்

வன்னி நிலத்து முள்ளியவளையும், அதனையடுத்து நந்திக்கடலோரத்தில் அமைந்த வற்றாப்பளையும் கண்ணகி வழிபாட்டினாற் சிறப்புப் பெற்றவை. வைகாசிப் பொங்கலையொட்டி முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திற் கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபும், அப்பகுதியில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தும் ஈழத்தமிழர் நன்கறிந்தவை. அம்மக்கள் வழிவழியாகப் போற்றும் கதையினுள், இன்று பல்கலைக்கழகங்களிற் பயிலப்படும் மறைகுறியியலுக்கும் வலையமைப்புப் பாதுகாப்புக்கும் அடிப்படையான வினாவொன்று பொதிந்துள்ளது.

பாண்டியன் அவையில் எழுந்த வினா, சிலம்பு எவருடையது என்பதாகும். அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. பொற்கொல்லன் சொல்லையே சான்றாகக் கொண்ட அரசன் கொலையாணை பிறப்பித்தான். உள்ளிருக்கும் பரல் முத்தோ மாணிக்கமோ என்னும் சோதனை, கோவலன் வெட்டுண்ட பின்னரே நிகழ்ந்தது. சோதனை எளியது, முடிவு ஐயத்துக்கு இடமற்றது, ஆயின், காலந்தாழ்ந்தது. இத்தகைய சோதனையை மெய்காண்டல் எனலாம்.

மறைகுறியியல் என்றவுடன் செய்தியை மறைத்தலே பலர் நினைவுக்கு வருவது. அதன் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. தமிழிலக்கணத்தார் இம்மறைத்தலை மொழி வழக்காகவே கண்டனர். நன்னூல் கூறும் தகுதி வழக்குகளுள் ஒன்று குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் அதற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணங்களாம். ரோமத் தளபதி யூலியஸ் சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடாக நெடுங்கணக்கில் மூன்றிடம் தள்ளிய எழுத்தை எழுதி மடல் விடுத்தார்.

இம்முறைகளின் வலுவின்மையை 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல் கிந்தி புலப்படுத்தினார். எழுத்தின் உருவை மாற்றினும் அது பயிலும் அளவு மாறாது. மிகுதியாக வரும் குறியை எண்ணினால் மறைபொருள் வெளிப்படும். தமிழுக்கும் இது பொருந்தும். மொழிமுதலாகும் எழுத்துகள் எவை, ஒன்றோடொன்று மயங்கும் மெய்கள் எவை எனத் தொல்காப்பியம் வகுத்த விதிகளே, தமிழ் மறைமடலை உடைக்க முயல்வோனுக்குத் துணையாகும். மொழியின் ஒழுங்கே மறைப்பின் பகையாகின்றது.

1883இல் ஒகுஸ்த் கேர்க்கோவ்ஸ் மற்றொரு தெளிவை ஏற்படுத்தினார். மறைக்கும் முறை பகைவர் கையில் அகப்படினும் கேடு விளையாதிருத்தல் வேண்டும். காக்கவேண்டியது திறவுகோல் ஒன்றே என்பது அவர் கொள்கை. பூட்டின் அமைப்பை ஊரார் அனைவரும் அறிவர். அதனாற் பூட்டு பயனற்றதாவதில்லை.

மறைத்தலுக்கு இணையாக மற்றொரு மரபும் பழங்காலந்தொட்டு இருந்தது. அது பொறி இடும் மரபு. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாலையில் பண்டங்கள் மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்டமையைப் பட்டினப்பாலை கூறும். உரியவர் பெயர் பொறித்த பொதிகள் அந்நகரிற் குவிந்துகிடந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். இவ்விடங்களில் எதுவும் மறைக்கப்படவில்லை, உரிமையே உறுதிசெய்யப்பட்டது.

இவ்விரு மரபுகளும் 1976இல் ஒன்றிணைந்தன. அவ்வாண்டு விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர், திறவுகோலை இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பகிரங்கப்படுத்தலாம் என்னும் கருத்தை வெளியிட்டனர். மறுவருடம் றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதற்கு நடைமுறை வடிவம் தந்தனர். சிறியதோர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 3, 11 ஆகிய பகா எண்களின் பெருக்கம் 33. ஒருவர் 33, 3 என்பவற்றை ஊரறிய வெளியிட்டு, 7 என்பதைத் தம்முடன் வைத்துக்கொள்கிறார். 4 என்னும் செய்திக்கு ஒப்பமிட, 4இன் ஏழாம் அடுக்கை 33ஆல் வகுத்து, மீதியாகிய 16ஐச் செய்தியுடன் அனுப்புகிறார். பெறுபவர் 16இன் மூன்றாம் அடுக்கை 33ஆல் வகுக்க, 4 மீண்டும் தோன்றும். 7ஐ அறிந்தவரே ஒப்பமிட்டார் என்பது இதனாற் பெறப்படும். 33ஐக் காரணிப்படுத்தல் சிறுவருக்கும் எளிது. நடைமுறையிலோ அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்கள் கையாளப்படுகின்றன. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். இங்கு உள்ளிருப்பதை வெளிப்படுத்தாமலே உரிமை நிறுவப்படுகின்றது.

எனினும் பழைய வினா மீண்டும் எழும். பகிரங்கத் திறவுகோல் உண்மையில் எவருடையது? இணையத்தில் இதற்குச் சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் அத்தகைய நிறுவனத்தினுள் ஊடுருவியோர் நூற்றுக்கணக்கான போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். ஈரானிலிருந்த பயனாளர் பலரின் மின்னஞ்சல் தொடர்பு அவற்றின் துணையால் ஒற்றுக்கேட்கப்பட்டது. அந்நிறுவனம் அவ்வாண்டிலேயே முறிவடைந்தது. கணிதம் பிழைக்கவில்லை, சான்றளிப்போனை நம்பிய நம்பிக்கையே பிழைத்தது. மதுரையில் நிகழ்ந்ததும் இதுவே.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணத்துக்கும் ஒப்பத்துக்கும் சட்ட ஏற்பளித்தது. வன்னி மக்களுக்கு இதன் பொருள் தனித்துவமானது. 2009இல் முடிவுற்ற போரின்போது முள்ளியவளை உட்பட வன்னியெங்கும் மக்கள் இடம்பெயர்ந்தனர். பலர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தனர். தம் நிலம் தமதே என நிறுவச் சான்றின்றி நிற்பது எத்துணைத் துன்பம் என்பதை அவர்கள் அனுபவித்தறிந்தவர்கள். ஆவணங்கள் கணினிக்குப் பெயரும்போது, அவற்றின் மெய்ம்மை காக்கப்படுமா, திருத்தப்பட்டால் வெளிப்படுமா என்பன அவர்தம் வாழ்வோடு பிணைந்த வினாக்களாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், ஏனைய இடங்களிலும் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் இதனை மனங்கொள்ளல் நன்று. செய்தியை மறைக்கும் சூத்திரங்களைக் கற்பதோடு அவர்தம் பணி முடிவதில்லை. எவர் கூறினார், கூறியது மாறாது வந்ததா, அதற்குச் சான்று யாது என்னும் வினாக்களைத் தீர்ப்புக்கு முன்னரே எழுப்பும் முறைமையை அமைப்பதே அவர்தம் தலையாய கடன். சிலம்பின் பரலைச் சோதிக்கவேண்டிய காலம், ஆணை பிறப்பதற்கு முந்திய காலமேயாம்.