அரசரின் எழுதுமேசை

அரசரின் எழுதுமேசை என்பது பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்காக 1760 முதல் 1769 வரை பாரிசில் செய்யப்பட்ட மேசை ஆகும். இன்று அது வெர்சாய் அரண்மனையில் உள்ளது.

அக்காலப் பிரான்சில் தச்சர் இருவகையினர். முழுமரத்தில் நாற்காலி, கட்டில் செய்வோர் ஒரு வகை. சாதாரண மரச்சட்டத்தின் மேல் விலையுயர்ந்த மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து ஒட்டி, பூவும் கொடியுமாகச் சித்திரம் இழைப்போர் மற்றொரு வகை. இவர்களை 'எபெனிஸ்ட்' என்றனர். 'எபென்' என்றால் கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இம்மரம் கப்பலேறிச் சென்று ஒரு தொழிலுக்கே பெயர் தந்திருக்கிறது. இன்று கருங்காலி என்றால் பலருக்குக் கழுத்தில் அணியும் மாலைதான் நினைவுக்கு வரும்!

1738இல் எர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயிலும் தொடங்கிய அகழாய்வுகள் பழைய கிரேக்க, உரோமானிய வடிவங்களின் மீது ஆர்வத்தைத் தூண்டின. வளைவுகள் குறைந்து நேர்கோடுகள் வந்தன. இதுவே நவசெவ்வியல் பாணி. இப்பாணியின் முதல் அறைகலன்களில் ஒன்று, லலீவ் தெ சுல்லி என்ற செல்வந்தருக்காக 1757ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட எழுதுமேசை. அதன் மேல்தகடு கருங்காலி. அது சாந்தில்யி அருங்காட்சியகத்தில் உள்ளது.

அரசரின் மேசை முழுதும் புதுப்பாணி அன்று; அதன் கால்கள் இன்னும் வளைந்தே இருக்கின்றன. ஆனால் அதன் நுட்பம் வியப்புக்குரியது. சாவியைக் கால்சுற்றுத் திருப்பினால் உருளை வடிவ மூடி பின்னோக்கிச் சுருண்டு திறக்கும். பூட்டினால் இழுப்பறைகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மன்னரின் காகிதங்களைப் பணியாளர் பார்க்காமலே மைக்கூட்டை நிரப்பப் பக்கவாட்டில் தனி வழி உண்டு. உச்சியில் இருபுறமும் மணி காட்டும் கடிகாரம்.

இதற்கு உத்தரவிட்ட 1760இல்தான் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். 1761 சனவரியில் நகர் வீழ்ந்தது. கோட்டையும் வீடுகளும் இடித்துத் தள்ளப்பட்டன. 1765இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபோதும் மேசை முடிந்தபாடில்லை.

பணியைத் தொடங்கியவர் சான் பிரான்சுவா ஓபன். (ஓவியர் தெலக்ருவா இவருடைய மகள்வழிப் பேரர்.) 1763இல் ஓபன் இறந்தார். அவரது பட்டறையில் வேலை செய்த, செருமனியில் பிறந்த சான் ஆன்றி ரீசனர் 1767இல் ஓபனின் மனைவியை மணந்து பட்டறையை ஏற்றார். மேசையை 1769இல் முடித்து, தம் பெயரையும் ஆண்டையும் மரத்திலேயே இழைத்தார். 1774இல் அரசவைத் தச்சரானார். அடுத்த பத்தாண்டுகளில் அவர் அரண்மனைக்குக் கொடுத்தவை 700க்கும் மேல்.

புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அரண்மனைப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. தாம் செய்தவை சிலவற்றை ரீசனரே ஏலத்தில் எடுத்தார். விற்றுப் பிழைக்கலாம் என்ற கணக்கு பொய்த்தது, வாங்க ஆளில்லை. அதனினும் கொடுமை, தாம் செய்த அறைகலன்களிலிருந்து அரச அடையாளங்களை நீக்கும் வேலைக்கு அவரையே அமர்த்தினர். அரசரின் மேசையிலும் 1794இல் மன்னரின் முத்திரை எழுத்துகளை அகற்றி, செவ்ர்ப் பீங்கான் தகடுகளைப் பொருத்தினர்.

1806இல் ரீசனர் பழைய செல்வமின்றி பாரிசில் இறந்தார். மேசை 1870இல் லூவருக்குச் சென்று, 1957இல் வெர்சாய்க்குத் திரும்பியது.