கலைந்த பாளையப் படையும் கம்பெனிப் பட்டாளமும்: சித்தூர்ச் சீமை, 1796–1817

சித்தூர் அருகே காணிப்பாக்கத்திலிருந்து வேலூர்க் கோட்டைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நடுவே இன்று மாநில எல்லை. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை இரண்டும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம், தலைநகரும் சித்தூர்தான். 1806 வேலூர்ப் புரட்சியை எழுதுவோர் பெரும்பாலும் தலைப்பாகையிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் முன்பே, மைசூர்ப் போர்களுக்குப் பின் இந்தச் சீமையின் படையமைப்பு கலைத்து அடுக்கப்பட்ட விதத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாளையச் சேவகனுக்குச் சம்பளம் நிலம். அமரம், கட்டுபடி என்று கணக்கில் ஏறிய மானியத்தை அவன் உழுது உண்பான். அழைப்பு வந்தால் வாளோ ஈட்டியோ திரித்துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு வருவான். காணிப்பாக்கத்தின் பெயரிலேயே காணி இருக்கிறது. அதன் தலபுராணமும் மூன்று சகோதரர்களின் நிலத்தில் இருந்த கிணற்றைப் பற்றியதே. இப்படி நிலமே எல்லாமாக இருந்த நாட்டில் படைக்கணக்கு என்பதும் பாதி நிலக்கணக்குதான். சேவகனைக் கலைத்தால் அவன் மானியத்தையும் கலைக்க வேண்டும்.

இந்தப் படைகள் மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே பயன்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1780-இல் கர்நாடகத்தின்மேல் படையெடுத்து வந்த ஹைதர் அலி, 1782 டிசம்பர் 7 அன்று சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் பாசறையிலேயே இறந்தார். 1799 மே 4 அன்று அவர் மகன் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மைசூர்ப் பயம் போனதும், பாளையப் படை கம்பெனியின் கண்ணுக்கு வீண் செலவாகவும் ஆபத்தாகவும் தெரிந்தது. 1801 ஜூலை 31 உடன்படிக்கையால் கர்நாடக ஆட்சி நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் தெற்கே ஆயுதங்களைத் தடை செய்தது. 1802-இல் வெங்கடகிரி, காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஆகியவற்றுக்கு நிரந்தர உரிமைப் பத்திரமான சன்னது கிடைத்தது. படை அனுப்பும் கடமை பேஷ்குஷ் என்ற திறைப் பணமாக மாறியது. வடக்கே கடப்பை முதலிய சீமைகளில் ஏறத்தாழ 80 பாளையக்காரர்களை அடக்கியவர் தாமஸ் மன்றோ. சித்தூர்ப் பாளையக்காரர்கள் இதற்கெல்லாம் தலையாட்டவில்லை, 1804-இல் எழுந்தார்கள். பட்டாளம் வந்து ஒடுக்கியது.

பாளையக்காரர்களுக்காவது பேஷ்குஷ் பேரேட்டில் ஓர் இடம் இருந்தது. அவர்களுடைய சேவகன் எங்கே போனான்? கொஞ்சம் பேர் உழவோடு நின்றார்கள். கொஞ்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பட்டாளமோ 1796-இல்தான் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. இரண்டு பட்டாலியன்களை இணைத்து ஒரு ரெஜிமெண்ட் ஆக்கினார்கள். ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை ஏறியது. இந்திய அதிகாரிகளான சுபேதாரும் ஜமேதாரும் பட்டத்தை வைத்திருந்தார்கள், அதிகாரத்தை இழந்தார்கள். சிப்பாயின் குறை மேலே போகும் வழி அப்போதே அடைபட்டுவிட்டது. சீர்திருத்தத்தின் பெரிய பிழை இதுதான் என்பேன்.

அதன்மேல்தான் 1805 நவம்பரில் புதிய தலைப்பாகை வந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று விதிகளும் தொடர்ந்தன. 1806 மே மாதம் வேலூரில் மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி தீர்ப்பானது. ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் கலகம் வெடித்தது. எழுந்தவற்றுள் 23-ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனும் ஒன்று. அதில் பெரும்பகுதி திருநெல்வேலிப் பாளையங்களைச் சார்ந்தவர்கள். தெற்கே ஆயுதம் பறிக்கப்பட்டவன் கையில், ஐந்தாண்டுக்குள், கம்பெனியே துப்பாக்கி கொடுத்து, திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்த கோட்டைக்குள் நிறுத்தியிருந்தது! ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அன்றே எல்லாம் முடிந்தது. இரு பக்கத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அடுத்த சீரமைப்பு அவசரத்தில் நடந்தது. புதிய தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 1, 23 என்ற ரெஜிமெண்ட் எண்கள் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் 24, 25 என்று புதிய எண்கள் ஏறின. ஊர்க்காவலைப் பொறுத்தவரை 1816-ஆம் ஆண்டுச் சட்டம் தாசில்தாரையும் கிராமத் தலைவரையும் தலையாரியையும் பொறுப்பாக்கியது. பாளையக்காரரின் காவல் உரிமை அதற்குள் செத்துப்போயிருந்தது.

அழித்த எண் மட்டும் மறக்கப்படவில்லை. 1817 நவம்பரில் நாகபுரியை அடுத்த சீதாபல்டியில் 24-ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் நின்று போரிட்டது. வெற்றிக்குப் பின் சிப்பாய்கள் வேண்டியது தங்கள் பழைய எண்ணை. ‘1’ திருப்பிக் கொடுக்கப்பட்டது.