வேலைக்குப் போகிறவளின் வியாதி

‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்.’ ‘ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்.’ மாதவிடாய் வலியோடு மருத்துவரிடம் போய் இதைக் கேட்டுத் திரும்பிய பெண்கள் நம்மிடையே ஏராளம். பாட்டி சொன்னால் அது வழிவழியாக வந்த பேச்சு. மருத்துவர் சொல்லும்போது அதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது நம் ஊரில் நடந்ததல்ல.

அமெரிக்காவின் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன், சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் கட்டிகளைப் பற்றி 1921இல் எழுதினார். இன்றும் ஸ்கேன் அறைகளில் நம் காதில் விழும் ‘சாக்லேட் கட்டி’ அதுதான். கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் இந்த நோயை அவர் எண்டோமெட்ரியோசிஸ் என்று அழைத்தார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் படிகிறது என்பது 1927இல் அவர் தந்த விளக்கம். அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோயோ சிலருக்கே வருகிறது. ஆகவே விளக்கம் அரைகுறைதான். ஆனாலும் அவர் பார்த்தது உடலை.

பாஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ் பார்த்தது பெண்ணின் நடத்தையை. வசதியுள்ள பெண்களிடம் இந்த நோய் அதிகம் என்றும், அவர்கள் தாமதமாக மணந்து தாமதமாகப் பிள்ளை பெறுவதே காரணம் என்றும் 1941இல் வாதிட்டார். பருவமடைந்ததும் இணைசேரும் குரங்குகளைக்கூடச் சாட்சிக்கு அழைத்தார். சீக்கிரம் மணம், சீக்கிரம் பிள்ளைகள்: இதுவே அவர் சொன்ன தடுப்பு. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் நோய் உறுதிப்படும். கட்டணம் கட்டி அறுவை அறைவரை வர முடிந்தவளிடம் நோய் அதிகம் காணப்பட்டதில் என்ன வியப்பு? அந்தக் கணக்கு கோட்பாடாகி, ‘வேலைக்குப் போகிறவளின் வியாதி’ என்று பெயரெடுத்தது.

பெயர் ஒட்டியதும் மற்றவர்களின் வலி வேறு பெயர் பெற்றது. கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் அரிது என்று பாடப்புத்தகம் சொன்னது. அதே வலியோடு அவர்கள் வந்தால் இடுப்பறை அழற்சி, அதாவது கிருமித்தொற்று என்று எழுதினார்கள். அது பெரும்பாலும் பாலுறவால் பரவும் தொற்று. நோயின் பெயரிலேயே அவளுடைய ஒழுக்கத்தின் மேல் ஒரு தீர்ப்பும் இருந்தது. சிகாகோவின் டொனால்ட் சாட்மன், கறுப்பினப் பெண்களின் வயிற்றை லேப்ராஸ்கோப்பி மூலம் பார்த்து 1976இல் முடிவை வெளியிட்டார். ஐந்தில் ஒருவருக்கு மேல் எண்டோமெட்ரியோசிஸ். அவர்களில் பலர் அதற்குமுன் தொற்று என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்.

1980இல் மில்வாக்கியில் மேரி லூ பால்வெக், கரோலின் கீத் என்ற இரு பெண்கள் எண்டோமெட்ரியோசிஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகளே தங்கள் அனுபவங்களைச் சேகரித்துத் தொகுத்தபோது, பலருக்கு வலி பதின்வயதிலேயே ஆரம்பித்திருந்தது தெரிந்தது. வேலையும் தள்ளிப்போட்ட திருமணமும் அந்த வயதில் எங்கே?

அறிகுறி தொடங்கி நோய் உறுதிப்பட 4 முதல் 12 ஆண்டுகள் ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முப்பது வயதைத் தாண்டியும் காரணம் தேடி அலைகிறவர்கள் இந்த ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பிக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி. நோயைத் தீர்ப்பதற்காக மட்டும் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்று அது எழுத்திலேயே சொல்கிறது. மெய்க்ஸுக்கு 81 ஆண்டுகள் கழித்து! ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து நோய் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது.