விருப்ப நிறைவேற்றம்

விருப்ப நிறைவேற்றம் என்பது உயிருக்கு ஆபத்தான நோயோடு போராடும் குழந்தையின் ஆசை ஒன்றை, அக்குழந்தையின் வாயாலேயே கேட்டறிந்து நிறைவேற்றித் தரும் தொண்டு. அமெரிக்காவில் தோன்றி ஏறத்தாழ 50 நாடுகளுக்குப் பரவிய இத்தொண்டு, மலேசியாவில் 2010 முதல் நடைபெறுகிறது.

தோற்றம்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் கிறிஸ் கிரீசியஸ் என்ற ஏழு வயதுச் சிறுவன் ரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்டான். போலீஸ்காரராக வேண்டும் என்பது அவன் ஆசை. குடும்ப நண்பரான சுங்க அதிகாரி ஒருவர் அதை மாநிலக் காவல்துறைக்குச் சொன்னார். 1980 ஏப்ரல் 29 அன்று அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றனர். அவன் அளவுக்கே சீருடையும் தைத்துக் கொடுத்தனர். மே 3ஆம் தேதி அவன் இறந்தான். அந்தக் காவலர்களும் நண்பர்களும் அவ்வாண்டே தொடங்கியதுதான் மேக்-எ-விஷ் அறக்கட்டளை. அதன் நினைவாக ஏப்ரல் 29 உலக விருப்ப நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பரவல்

1993இல் மேக்-எ-விஷ் அறக்கட்டளையின் பன்னாட்டு அமைப்பு உருவானது. 1996இல் இந்தியாவில் கிளை அமைந்தது. 2014 அக்டோபரில் ஐதராபாத்தில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு நாள் போலீஸ் கமிஷனராக அமர்ந்தது நாடெங்கும் செய்தியானது. இதுவரை உலகில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பங்கள் நிறைவேறியுள்ளன.

நடைமுறை

குழந்தையைப் பெற்றோரோ மருத்துவப் பணியாளரோ பரிந்துரைக்கலாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நோயின் தன்மையை உறுதிசெய்த பின், தன்னார்வலர்கள் குழந்தையைச் சந்திப்பார்கள். ஒன்றைப் பெறுவது, ஓரிடத்துக்குப் போவது, ஒருவரைச் சந்திப்பது, ஒருவராக மாறிப் பார்ப்பது என விருப்பங்களை வகைப்படுத்துவர். பயணம் என்றால் உடன்பிறந்தவர்களையும் சேர்த்து அழைத்துச் செல்வது வழக்கம். நோயாளிக் குழந்தையைச் சுற்றியே வீடு சுழலும்போது ஒதுங்கி நிற்பவர்கள் அவர்கள்தாம். சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கே இது கிடைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். தொடக்கத்தில் அப்படி இருந்தாலும், பின்னர் கடும் நோயுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் வாயில் திறந்தது. விருப்பம் நிறைவேறிய குழந்தைகளில் குணமாகி வளர்ந்தவர்கள் பலர்.

விளைவு

2016இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்று, புற்றுநோயுள்ள 66 குழந்தைகளை இரு பிரிவாக்கியது. விருப்பம் நிறைவேறிய பிரிவில் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, நம்பிக்கை கூடியது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த மறுபிரிவில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. ஒஹாயோ மாநிலக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, விருப்பம் நிறைவேறிய 496 நோயாளிகளை அதே எண்ணிக்கையிலான மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டது. 2019இல் அச்சான அதன் முடிவின்படி, திட்டமிடாத மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்கான வாய்ப்பு முதல் பிரிவினருக்கு 2.5 மடங்கு அதிகம். எனினும் இந்த ஒப்பீட்டில் குலுக்கல் முறைத் தேர்வு இல்லாததால், விருப்பமே காரணம் என்று அறுதியிட முடியாது. விருப்பம் நோயைத் தீர்ப்பதாக எந்த ஆய்வும் சொல்லவில்லை.

செலாயாங்

மலேசியாவின் செலாயாங் நகரில் 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதக் கோப்புகள் இல்லாமல் இயங்கும் மருத்துவமனைகளில் உலகளவில் முன்னோடியாகப் பேசப்பட்டது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கும் பெயர்பெற்றது. செலாயாங் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று கட்டணமின்றி வலிதணிப்புப் பராமரிப்பு தரும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இயங்குகிறது. விருப்ப நிறைவேற்றம் இத்தகைய சிகிச்சைகளுக்கு மாற்று அன்று, துணை.

செலாயாங் மருத்துவமனைக்கு அருகிலேயே பத்துமலை முருகன் கோயில் உள்ளது. பிள்ளை வரம் வேண்டியவர்கள் தைப்பூசத்தன்று குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு 272 படிகள் சுமந்து ஏறுவதை இவ்வூர்த் தமிழர் தலைமுறைகளாகக் கண்டு வருகின்றனர். அங்கே குழந்தைக்காக வேண்டிக்கொள்பவர்கள் பெற்றோர். விருப்ப நிறைவேற்றத்தில் வேண்டுவது குழந்தை. ஊசி, மருந்து, பத்தியம், படுக்கை என எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவுசெய்யும் நாட்களில், குழந்தையிடம் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டு, அது சொன்னதையே செய்வதுதான் இத்தொண்டின் சாரம்.