பழுதை வாசிக்கும் உரிமை: மும்பை டாக்சியும் எஞ்சின் கணினியும்

2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான பிரீமியர் பத்மினியே மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி. அந்நகரில் டாக்சிகளுக்குள்ள 20 ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியில் அது சாலையை விட்டு நீங்கியது. அதையொட்டி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் நகரத்தின் நினைவைப் பற்றிப் பேசின. பட்டறையின் பக்கமிருந்து நோக்கினால் அந்த நாளுக்கு இன்னொரு பொருள் உண்டு. எஞ்சினில் கணினி இல்லாத காலம் மும்பை டாக்சியில் அன்றோடு முடிந்தது. பின்வந்த வண்டிகளின் பழுதை வாசிக்கும் உரிமை யாருக்கு என்பது தொழில்நுட்ப வரலாறு எழுப்ப வேண்டிய கேள்வி.

பத்மினி குர்லாவில் பிறந்த வண்டி. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரிலும் 1974 முதல் பத்மினி என்ற பெயரிலும் அதைத் தயாரித்தது. ஆலை குர்லாவில், பொறியியல் கற்பித்த விஜேடிஐ மாட்டுங்காவில், சிறு பட்டறைகள் தாராவியிலும் செம்பூரிலும். எல்லாம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள். பத்மினியின் எஞ்சின் திணறினால் தேடவேண்டிய இடங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை: கார்புரேட்டர், பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட். பிளக்கின் நுனி கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இந்த அறிவுக்கு உரிமையாளர் எவருமில்லை. உதவிக்கு நின்ற சிறுவன் பார்த்தும் கேட்டும் அதைக் கற்றான்.

கணினி எஞ்சினுக்குள் நுழைந்தது புகைக் கட்டுப்பாட்டின் வழியாக. 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் இந்தியா 2000 விதிகள் வந்தன; 2001-இல் பாரத் நிலை 2 மும்பையை எட்டியது. கார்புரேட்டரைக் கொண்டு இந்த வரம்புகளுக்குள் நிற்பது கடினமாயிற்று. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998-இலேயே எரிபொருள் தெளிப்பு முறையுடன் அறிமுகமாகியிருந்தது. பிற்காலத்தில் அதுவே மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்சியாகவும் ஓடியது. சென்சார்கள் காற்று, வெப்பம், கிராங்க்கின் சுழற்சி ஆகியவற்றை அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதைக் கணினி முடிவு செய்தது. பழுதைக் குறியீடாக நினைவில் வைத்துக்கொள்வதும் அதன் வேலை.

அக்குறியீட்டை எவரும் வாசிக்கும்படி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் 1996-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அனைத்துக் கார்களுக்கும் 16 முனை கொண்ட ஒரே வகை இணைப்பு, ஒரே குறியீட்டு மரபு. இந்தியாவில் ஓபிடி முறையின் முதற்கட்டம் 2010-இலும் இரண்டாம் கட்டம் 2013-இலும்தான் கட்டாயமாயின. ஆகவே 1998-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட வண்டிகளில் கணினி இருந்தது, பொதுமொழி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் மொழியைத் தன் ஸ்கேனருக்கு மட்டுமே கற்பித்தது.

பொதுமொழி இருந்தாலும் குறியீடு நோயின் பெயரைச் சொல்வதில்லை, அறிகுறியையே சொல்கிறது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் எரிப்பு தவறுகிறது என்றே பொருள். காரணம் பிளக்காகவும் இருக்கலாம், பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம், துருப்பிடித்த எர்த் இணைப்பாகவும் இருக்கலாம். விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங் இன்னும் கடினமானது. பல குறைபாடுகள் தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் கணினி விளக்கை எரிக்கிறது. ஒருமுறை தோன்றி மறையும் குறை கணக்கில் ஏறாமலே போகலாம். சூடேறினால் மட்டும் செயலிழக்கும் கிராங்க் சென்சார், வண்டி பட்டறைக்கு வந்து ஆறியதும் ஒழுங்காக வேலை செய்யும். மும்பையின் கடற்காற்றும் மழையும் இத்தகைய பழுதுகளுக்கு விளைநிலம். கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தேங்கும் நீரில் நனைந்த கனெக்டர் அன்றைக்கே கெடுவதில்லை. பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒரு வேகத்தடையில் ஏறும்போது தொடர்பை இழக்கிறது. சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26 போன்ற நாளின் தடயம் வண்டிகளின் ஒயர்களில் நெடுங்காலம் தங்கக்கூடியது.

இயற்கை எரிவாயு இச்சிக்கலை மேலும் ஆழமாக்கியது. பெட்ரோல் வண்டியில் பின்னர் பொருத்தப்படும் சிஎன்ஜி கிட், பெட்ரோல் இன்ஜெக்டர்களை நிறுத்திவிட்டு, அவை இயங்குவதாகக் கணினியை நம்பவைக்க எமுலேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. கணினிக்குக் கிடைக்கும் சான்றே புனையப்பட்டது என்றால், அதன் குறியீட்டை எவ்வளவு நம்புவது? ஆவணம் எந்தச் சூழலில், யாருக்காக உருவானது என்று வரலாற்று மாணவர் கேட்கும் அதே கேள்வியை டாக்சி மெக்கானிக்கும் கேட்கவேண்டியிருந்தது. வயரை அசைத்துப் பார்ப்பதும், எஞ்சின் சூடேறும்வரை காத்திருப்பதும், ஈரம் பட்டால் என்ன ஆகிறது என்று சோதிப்பதும் அவருடைய ஆவண விமர்சனம்.

கருவியும் கையேடும் கிடைக்காத நிலை சட்டத்தின் முன்னும் வந்தது. 2011-இல் தொடங்கிய வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணை பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் பழுதுநீக்கக் கையேடுகளையும் சுதந்திரப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 2022-இல் நுகர்வோர் நலத்துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது வாகனங்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றன.

சட்டம் நகர்ந்ததற்கு முன்பே சந்தை ஒரு வழி கண்டிருந்தது. கனடாவின் எல்ம் நிறுவனம் உருவாக்கிய ஈஎல்எம்327 சில்லின் முதற்பதிப்புக்கு நகல் தடுப்பு இருக்கவில்லை. அதைப் படியெடுத்த மலிவான கருவிகள் உலகெங்கும் பரவின. குறியீட்டை வாசிப்பது எளிதாயிற்று. பொருள் கொள்வது எளிதாகவில்லை. குறியீடு சொன்ன சென்சாரை மாற்றியும் திணறல் நீங்காத வண்டி, வாசிப்புக்கும் புரிதலுக்கும் உள்ள தூரத்தைக் காட்டுகிறது. அத்தூரத்தைக் கடக்க உதவியது பத்மினிக் காலத்துப் பட்டறைப் பயிற்சியே. கார்புரேட்டரின் அறிவு கணினி வந்ததும் செத்துவிடவில்லை. கணினியின் வாக்குமூலத்தைச் சோதிக்கும் அறிவாக அது உருமாறியது.

2000-களின் நடுப்பகுதியில் பதிவான டாக்சிகள் இப்போது 20 ஆண்டு வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பொதுமொழி இல்லாத கணினிகளோடு பழகிய தலைமுறையின் கைக்குறிப்புகளும் நினைவுகளும் அவ்வண்டிகளோடு உடைப்புக் கிடங்குக்குப் போய்விடக்கூடும். போட்டி ஆணையத்தின் ஆணை நூலகத்தில் கிடைக்கும்; நிறுவனங்களின் கையேடுகளும் ஒருநாள் காப்பகங்களுக்கு வரலாம். மும்பையின் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் பஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் அடுத்ததாகத் தேடிச்செல்ல வேண்டிய காப்பகம், குர்லாவிலும் தாராவியிலும் கிரீஸ் படிந்த நோட்டுப் புத்தகங்களில் இருக்கிறது. அதற்கு வரிசை எண்ணும் இல்லை, பாதுகாவலரும் இல்லை.