யாஸ்கரின் புல்வெளி: ஒரு நிலத்தின் வரலாறு

வரலாற்று நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றிற் பங்குகொண்ட மனிதரைப் பற்றியே எழுதுகின்றனர். நிகழ்ச்சி நடைபெற்ற நிலமோ, நாடக மேடையின் பின்திரைபோல ஓரிரு வாக்கியங்களிற் சொல்லப்பட்டு மறக்கப்படுகின்றது. ஆயினும் அந்நிலம் நிகழ்ச்சிக்கு முன்னரும் இருந்தது. கூட்டம் கலைந்த பின்னரும் அங்கேயே இருக்கின்றது. 1969 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் திகதி முதல் 18 ஆம் திகதி காலைவரை ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் நடைபெற்ற வூட்ஸ்ரொக் இசைவிழா இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அவ்விழாவிற் பாடியோரையும் கூடியோரையும் பற்றி எண்ணற்ற நூல்கள் எழுந்துள்ளன. அவ்விழாவைத் தாங்கிய பாற்பண்ணை நிலத்தின் வரலாற்றை, விழாவுக்கு முன், விழாவின்போது, விழாவுக்குப் பின் என்ற மூன்று நிலைகளில் நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழாக்காலமல்லாத ஒரு நாளில் அந்நிலத்தைக் காணச் செல்பவர் வூட்ஸ்ரொக் என்னும் ஊருக்குச் செல்வதிற் பயனில்லை. விழாவுக்குப் பெயர் தந்த அவ்வூர் நாற்பது மைலுக்கும் அப்பால் உள்ளது. விழா நடந்தது சலிவன் மாவட்டத்துப் பெத்தேல் என்னும் சிற்றூரிலாகும். 'தேவனுடைய வீடு' எனப் பொருள்படும் இவ்விவிலியப் பெயர் தமிழ்க் கிறிஸ்தவர்க்கும் நன்கு அறிமுகமானதே. அங்கு காணப்படுவது ஒரு புற்சரிவு. கிண்ணத்தின் உட்புறம்போல மூன்று பக்கங்களிலும் உயர்ந்து, கீழே மேடை நின்ற தட்டையான இடத்தை நோக்கி அது இறங்குகின்றது. இரு கிராமத்து வீதிகள் சந்திக்கும் மூலையில் 1984 ஆம் ஆண்டு நாட்டப்பட்ட ஒரு நினைவுக்கல் நிற்கின்றது. கோடையிற் புல்லும் மாரியிற் பனியும் மூடிக்கிடக்கும் அச்சரிவில், வேறெந்தச் சான்றையும் வெறுங் கண்ணாற் காண்டல் அரிது.

கல்லும் புல்லும்

சலிவன் மாவட்டம் கற்ஸ்கில் மலைத்தொடரின் தென்மேற்குப் புறத்தில் அமைந்தது. பண்டைப் பனிக்கட்டியாறுகள் விட்டுச்சென்ற கற்கள் நிறைந்த மண் தானியப் பயிர்ச்செய்கைக்கு ஏற்றதன்று. ஆனால் புல் செழித்து வளரும். ஏறக்குறைய நூறு மைல் தொலைவில் நியூயோர்க் என்னும் பெருநகரம் பாலை வேண்டி நின்றது. இவ்விரு காரணங்களாலும் பாற்பண்ணைத் தொழில் அப்பகுதியில் வேரூன்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இடம்பெற்ற கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதர் பலர் இங்கு நிலம் வாங்கிக் குடியேறினர். பண்ணை வருமானம் மட்டும் போதாமையால், கோடையில் நகரத்து வெப்பத்தை விட்டு வருவோரைத் தம் வீடுகளிற் பணத்துக்குத் தங்கவைத்தனர். பிற விடுதிகள் பல யூதரை ஏற்க மறுத்த காலமாதலால் இவ்வில்லங்கள் பெருகிப் பெரும் விடுதிகளாயின. எனினும் 1960 களில் விமானப் பயணம் மலிந்தபோது அவ்விடுதிகள் தளரத் தொடங்கின. சிறு பண்ணைகளும் ஒவ்வொன்றாக மறைந்து வந்தன.

மக்ஸ் யாஸ்கர் இச்சமுதாயத்திற் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு 1919 இல் மகனாகப் பிறந்த அவர், நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் நிலச்சொத்துச் சட்டம் பயின்றபின் பண்ணைக்கே திரும்பினார். அயற் காணிகளை வாங்கிப் பண்ணையை விரித்தார். பாலைக் குளிரூட்டவும் பதப்படுத்தவும் நிலையங்கள் அமைத்தார். 1969 இல் அவரே சலிவன் மாவட்டத்தின் மிகப் பெரிய பால் உற்பத்தியாளராக விளங்கினார். அரசியலில் அவர் குடியரசுக் கட்சியைச் சார்ந்த பழைமைப் பற்றாளர். நீண்ட தலைமயிர் வளர்த்த இளைஞரின் புரட்சிக் குரலுக்கும் அவருக்கும் வெளிப்படையான உறவு யாதுமில்லை.

இடந்தேடிய விழா

மைக்கல் லாங், ஆட்டி கோர்ன்பெல்ட், ஜோன் றொபேட்ஸ், ஜோயல் றோசன்மன் ஆகிய நால்வரே விழாவை ஒழுங்குசெய்தனர். முதலில் அவர்கள் தெரிந்தெடுத்த இடம் வோல்கில் என்னும் ஊரிலிருந்த கைத்தொழிற் காணியாகும். ஊர்மக்களின் எதிர்ப்பு வலுத்ததனால், ஐயாயிரம் பேருக்கு மேல் கூடுவதற்கு அனுமதி பெறவேண்டுமென அவ்வூர் மன்றம் 1969 ஜூலையில் விதியியற்றியது. அம்மாத நடுப்பகுதியில் விழாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. விழாவுக்கு ஒரு மாதமே இருந்த நிலையில் ஏற்பாட்டாளர் யாஸ்கரின் பண்ணையை வந்தடைந்தனர்.

யாஸ்கர் ஏன் இசைந்தார்? அவருடைய மகன் பிற்காலத்தில் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டுக் கோடை மழை மிகுந்தது. ஈரத்தினால் உலர்புல் சேகரிப்புக் குன்றியது. நூற்றுக்கணக்கான பசுக்களுக்கு வெளியிலிருந்து தீனி வாங்கவேண்டிய நிலையில், நிலவாடகை அச்செலவை ஈடுசெய்யுமென அவர் கணித்தார். எனவே உலகப் புகழ்பெற்ற ஒரு விழாவுக்கு இடங்கிடைத்ததன் பின்னணியில் ஒரு கமக்காரனின் தீனிக் கணக்கும் இருந்தது எனலாம். ஆனால் அக்கணக்கே முழு விளக்கமுமாகாது. விழாச் செய்தி பரவியதும் அவரிடம் பால் வாங்கவேண்டாமென வற்புறுத்தும் பலகையொன்று வீதியோரத்தில் எழுந்தது. பாலை விற்று வாழும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அச்சுறுத்தல் இல்லை. அவரோ பின்வாங்கவில்லை. ஊர்மன்றத்தில் அவர் விழாவுக்காக வாதிட்டார். இளைஞரின் தோற்றத்தை விரும்பாமை அவர்களைத் தடுப்பதற்குக் காரணமாகாது என்பதே அவர் நிலைப்பாடாயிருந்தது. வருவாய் நோக்கமும் கொள்கைப் பிடிப்பும் ஒரே மனிதனிடம் முரணின்றி நிற்கக்கூடும் என்பதற்கு யாஸ்கர் சான்றாவார்.

மூன்று நாள் மாநகரம்

ஐம்பதினாயிரம் பேரே வருவரென ஏற்பாட்டாளர் ஊர் அதிகாரிகளிடம் கூறியிருந்தனர். ஆனால் 186,000 நுழைவுச்சீட்டுகள் முன்கூட்டியே விற்பனையாகியிருந்தன. வந்து சேர்ந்தோர் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோரென மதிப்பிடப்படுகின்றது. மேடையையும் முடிக்க வேண்டும், வேலியையும் அடைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் மேடைக்கே முதலிடம் தரப்பட்டது. வேலி நிறைவுறாமையால் விழா கட்டணமற்ற பொதுவிழாவாயிற்று. சில ஆயிரம் மக்களே வாழ்ந்த ஓர் ஊர், மூன்று நாள்களுக்குப் பெருநகரமாக மாறியது. அதே ஆண்டில் வியட்நாமில் நின்ற அமெரிக்கப் படையினரின் தொகையும் ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒரே தலைமுறை இருவேறு வயல்களிற் குவிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை விழாவுக்கு ஆசியுரை வழங்கியவர் சுவாமி சச்சிதானந்தர் ஆவார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914 இற் பிறந்த இவர், சுவாமி சிவானந்தரிடம் 1949 இல் துறவு பூண்டு, 1953 இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமப் பணியாற்றி, 1966 இல் அமெரிக்கா சென்றார். திருகோணமலையில் அடியாரிடம் பேசிய அதே துறவி, ஹெலிகொப்டரில் வந்திறங்கி இலட்சக்கணக்கான அமெரிக்க இளைஞரை அமைதிகாக்குமாறு வேண்டினார். அன்றிரவு சித்தார் மேதை ரவிசங்கர் கொட்டும் மழையில் வாசித்தார். அந்த அனுபவம் அவருக்கு உவப்பளிக்கவில்லை. சேற்றிற் கிடந்த மக்கள் இந்தியாவின் எருமைகளைத் தமக்கு நினைவூட்டினரெனப் பிற்காலத்திற் கூறினார். கீழைத்தேய ஞானத்தை நாடிய இளைஞரைக் கீழைத்தேயத்தவர் இருவர் இருவேறு விதமாகக் கண்டமை ஆராயத்தக்கது.

மழை அச்சரிவைச் சேறாக்கியது. பசுக்களுக்கென விதைத்த குதிரைமசால் இலட்சக்கணக்கான கால்களின் கீழ் மறைந்தது. வீதிகள் அடைபட்டதால் உணவும் மருந்தும் ஹெலிகொப்டரிலேயே வந்தன. மாவட்டம் அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தது. ஆயினும், எதிர்த்த ஊராருட் பலரே உணவு திரட்டி அனுப்பினர். மொன்ரிசெல்லோவின் யூத சமூக நிலையத்துப் பெண்கள் இடையறாது பாண் துண்டங்களில் உணவு வைத்து அனுப்பினர். யாஸ்கர் தண்ணீரைப் பணமின்றி வழங்கினார். அமைதியின் விழாவெனப் புகழப்படும் இதில் துயரமும் நேர்ந்தது. போதைப்பொருளால் ஒருவர் மாண்டார். உறங்குபையினுள் துயின்ற பதினேழு வயது இளைஞனொருவன் உழவு இயந்திரம் ஏறி இறந்தான். பண்ணை வேலையும் விழாவும் ஒரே நிலத்தில் மோதிக்கொண்டதன் விலை அது. விழாவைப் போற்றுவோர் இவ்விறப்பை ஓரடிக்குறிப்பாக விட்டுவிடல் தகாது.

விழாவுக்குப் பின்

திங்கட்கிழமை காலை ஜிமி ஹென்ட்றிக்ஸ் வாசித்து முடித்தபோது கூட்டத்திற் பெரும்பகுதி அகன்றிருந்தது. ஏற்பாட்டாளர் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கடனுக்கு ஆளாயினர். 1970 இல் வெளிவந்து ஒஸ்கார் பரிசுபெற்ற விவரணத் திரைப்படமும் இசைத்தட்டுகளுமே காலப்போக்கில் அந்நட்டத்தை ஈடுசெய்தன. நிலத்துக்கு அத்தகைய ஈடு கிடைக்கவில்லை. அயலவர் யாஸ்கர்மீது வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு மீண்டும் விழா நடத்த அவர் இடங்கொடுக்கவில்லை. பாற்பண்ணைத் தொழிலுக்கே திரும்புவதாகக் கூறினார். ஆயினும் 1971 இல் அவர் பண்ணையை விற்றார். 1973 பெப்ரவரியில், ஐம்பத்து மூன்றாம் வயதில், புளோரிடாவில் மாரடைப்பாற் காலமானார்.

பெரும் கூட்டங்களைத் தடுக்கும் விதிகளை ஊர் இயற்றியது. எனினும் ஆண்டுதோறும் மக்கள் அப்புல்வெளியைத் தேடி வந்தனர். அவர்களைத் தடுக்க வயலிற் கோழியெரு பரப்பப்பட்டதுமுண்டு. உழவு இயந்திரங்களை வீதியில் மறித்து நிறுத்தியதுமுண்டு. இருந்தும் 1989 இல், எவரும் அழைக்காமலே, இருபதாம் ஆண்டு நினைவாக ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் கூடினர். ஊர் மறக்க விரும்பியதை நாடு நினைக்க விரும்பியது.

மாற்றம் பொருளாதாரத்தால் வந்தது. விடுதிகளும் பண்ணைகளும் அருகிய மாவட்டத்துக்கு உல்லாசப் பயணிகள் தேவைப்பட்டனர். தொலைக்காட்சிக் கம்பிவடத் தொழிலிற் செல்வம் ஈட்டிய அலன் ஜெரி 1990 களின் பிற்பகுதியில் அந்நிலத்தை வாங்கினார். 2006 இல் பெத்தேல் வூட்ஸ் கலை நிலையமும் 2008 இல் நூதனசாலையும் திறக்கப்பட்டன. புதிய அரங்கு பழைய சரிவிலன்றி அதற்கு அப்பால் அமைக்கப்பட்டமையால் புல்வெளி காப்பாற்றப்பட்டது. 2017 இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. 2018 இல் பிங்கம்ரன் பல்கலைக்கழகத் தொல்பொருளியலாளர் மேடையும் வேலியும் நின்ற இடங்களைத் தேடி அகழ்வாய்வு செய்தனர். கிடைத்தவை பெரும்பாலும் பானத் தகரங்களின் திறப்பு வளையங்களும் கண்ணாடித் துண்டுகளுமே. ஐம்பது ஆண்டுகளே கடந்த, திரைப்படமாகப் பதிவான ஒரு நிகழ்ச்சியின் மேடை எங்கு நின்றது என்பதை அறிய மண்ணைத் தோண்டவேண்டியிருந்தது. மேடையருகே நின்று, காணாமற்போன நண்பர்களுக்கான செய்திகள் தொங்கவிடப்பட்ட மேப்பிள் மரமும் முதுமையுற்று 2024 இல் வெட்டப்பட்டது.

நினைவும் உழைப்பும்

இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியில் பில்ரன் ஊரிலுள்ள வேர்தி பண்ணையுடன் இதனை ஒப்பிடல் பயனுள்ளது. அங்கும் ஒரு பாற்பண்ணையாளரே, மைக்கல் ஈவிஸ், 1970 செப்ரெம்பரில் விழாவைத் தொடங்கினார். ஒரு பவுண் கட்டணத்துடன் பாலும் இலவசமாக வழங்கப்பட்டது. கிளாஸ்ரன்பரி விழா இன்று இரண்டு இலட்சம் பேரைக் கூட்டுவதாயினும், விழா ஓய்ந்த காலத்தில் அந்நிலம் மீண்டும் பண்ணையாகின்றது. 1981 இல் அமைக்கப்பட்ட கூம்பக மேடை, ஆண்டின் எஞ்சிய மாதங்களில் மாட்டுக் கொட்டகையாகவும் தீனிக் களஞ்சியமாகவும் பயன்பட்டது. 2018, 2026 ஆகிய ஆண்டுகளிற்போல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலம் தேறுவதற்காக விழாவே நிறுத்தப்படுகின்றது. அங்கு விழா நிலத்தின் ஒழுங்குக்குப் பணிந்தது. பெத்தேலில் ஒருமுறையே நிகழ்ந்த விழா நிலத்தின் தொழிலையே நினைவாக மாற்றிவிட்டது.

பெத்தேல் புல்வெளி பேணப்படாது போயிருப்பின் வீடுகளாகத் துண்டாடப்பட்டிருக்கவுங்கூடும். ஆதலின் அதனைக் காத்தோர் பாராட்டுக்குரியவரே. ஆயினும் பேணப்படுவது எது என்னும் வினா எஞ்சுகின்றது. மூன்று நாள் பேணப்படுகின்றது; அதற்கு முந்திய தலைமுறைகள் கல்பொறுக்கி, புல்வளர்த்து, விடியுமுன் பால்கறந்த உழைப்பு அந்த மூன்று நாளின் முன்னுரையாகச் சுருங்குகின்றது. விழா நடந்ததனால் அந்நிலம் வரலாற்றிற் புகுந்தது என்பது வழக்கு. உண்மையில், கமக்காரர் பல்லாண்டுகளாகத் திருத்தி வைத்த நிலம் ஒன்று அங்கிருந்ததனாலேயே, இடமின்றி அலைந்த அவ்விழா வரலாற்றிற் புக முடிந்தது.