ஊருக்கு முன்னால் வந்த ஸ்டேஷன்



ஜப்பானைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம், "அவர்கள் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருப்பார்கள்" என்று சொல்வேன். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அது அரைகுறைப் பாடம். டோக்கியோவின் மேற்குப் புறநகரில் இருக்கும் குனிதாச்சி ஸ்டேஷனைப் பற்றி இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் திட்டு வாங்கியபடியே. அதனால்தான் இந்தத் திருத்தம்.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த பூகம்பத்திலும் தீயிலும் டோக்கியோ பாதி அழிந்தது. நகரின் நடுவில் இருந்த வணிகப் பல்கலைக்கழகமும் தப்பவில்லை. அதற்குப் புது இடம் காட்டியவர் ட்சுட்சுமி யசுஜிரோ என்ற நில வியாபாரி. யாஹோ கிராமத்தின் காட்டை வாங்கி, பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஒரு கல்வி நகரம் அமைப்பது அவர் திட்டம். லாபக் கணக்குதான், சந்தேகமில்லை. ஆனால் ரயில் நிற்காத காட்டில் யார் மனை வாங்குவார்கள்? அவருடைய கம்பெனியே செலவு செய்து ஸ்டேஷனைக் கட்டி ரயில்வேக்குக் கொடுத்தது. 1926 ஏப்ரல் 1இல் திறந்தபோது சுற்றிலும் வீடுகள் மிகக் குறைவு.

பெயர் வைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பக்கம் கொகுபுன்ஜி ஸ்டேஷன், மறுபக்கம் தாச்சிகாவா ஸ்டேஷன். இரண்டின் முதல் எழுத்தையும் சேர்த்தார்கள். ஜப்பானியத்தில் 'கொகு' என்ற எழுத்தையே 'குனி' என்றும் படிக்கலாம். ஆகவே குனிதாச்சி. இன்று அந்த நகராட்சிக்கே அதுதான் பெயர்.

சிவப்பு முக்கோணக் கூரை போட்ட அந்த மரக் கட்டடம் 80 ஆண்டுகள் நின்றது. பிறகு சூவோ பாதையில் கேட் திறக்காமல் மக்கள் காத்துக் கிடந்த தொல்லைக்காகத் தண்டவாளத்தை உயரத்தில் ஏற்றினார்கள். 2006இல் கட்டடம் நீங்க வேண்டியதாயிற்று.

ஊர்க்காரர்கள் விடவில்லை. அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. தீ விபத்துத் தடுப்புச் சட்டப்படி அந்த இடத்தில் புதிதாக மரக் கட்டடம் எழுப்ப முடியாது. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு விதிவிலக்கு உண்டு. தூண், உத்தரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். ரயில்வேயிடம் நிலம் வாங்கினார்கள், மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். 2020 ஏப்ரலில் பழைய மரங்களைக் கொண்டே கட்டடம் ஏறக்குறைய அதே இடத்தில் எழுந்தது. இப்போது அங்கே டிக்கெட் கிடையாது. ஊர் பற்றிய தகவல் மையமும் கண்காட்சி அறையும் இருக்கின்றன. ரயில் பின்னால் உயரத்தில் ஓடுகிறது.

அதே 2020இல்தான், டோக்கியோவின் ஹராஜுகுவில் 1924இல் கட்டிய மர ஸ்டேஷனை மூடி இடிக்கத் தொடங்கினார்கள். ஆக, நான் வகுப்பில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், ஓரத்தில் குனிதாச்சியையும் எழுதிக்கொள்ளுங்கள்.